டர்பனில் வெளிநாட்டு அரசின் மீது வழக்கு: பதில்

ஐயா, வெளிநாட்டுச் சிறையில் உங்கள் தம்பியை வதைத்த அரசின் மீது டர்பனில் நட்டஈட்டு வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். படிக்கவே நெஞ்சு பதறியது. ஆனால் அந்த வழியில் கைப்பணத்தைக் கரைக்காதீர்கள். அயல்நாட்டு அரசுகளுக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் நம் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடற்காயத்தை உண்டாக்கிய செயல் தென்னாப்பிரிக்க மண்ணில் நடந்திருந்தால்தான் அயல்நாட்டு அரசை இங்கே கூண்டில் ஏற்றலாம். அமெரிக்காவில் பயங்கரவாத ஆதரவு நாடுகள் என்று பட்டியலிடப்பட்டவற்றின் மீது வழக்குத் தொடுக்க இடம் உண்டு. அதுவும் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கே.

அரசை விடுங்கள், அடித்த அதிகாரியைக் குறிவையுங்கள். தம்பி நம் குடிமகன், கொடுமை 2013 ஜூலைக்குப் பின் நடந்தது என்றால், அந்த ஆண்டின் சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல்துறையில் புகார் கொடுங்கள். ஜிம்பாப்வேயில் நடந்த சித்திரவதையை நம் காவல்துறை விசாரித்தே ஆக வேண்டும் என்று 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததே! தழும்புகள் ஆறிவிடும், மருத்துவச் சான்றை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.