பக்கத்து மனையின் பத்திரத்தில் விலையைத் தேடுங்கள்

கேள்வி: கன்னங்குறிச்சியில் 1,500 சதுர அடி வீட்டுமனை ஒன்றைப் பார்த்திருக்கிறோம். சதுர அடி 3,200 ரூபாய் என்கிறார் தரகர். பதிவுத்துறை இணையதளத்தில் உள்ள வழிகாட்டி மதிப்போ அதில் பாதிகூட இல்லை. அரசுப் பதிவேடுகளைக் கொண்டு நியாயமான விலையை நாங்களே கணிக்க முடியுமா? (வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: ஓரளவு முடியும், ஆனால் வழிகாட்டி மதிப்பிலிருந்து தொடங்காதீர்கள். அது முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வசூலிப்பதற்காக அரசு வகுத்துள்ள அளவுகோல். 2017 ஜூனில் அது 33 சதவீதம் குறைக்கப்பட்டபோது பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியபோது கட்டணம் 2 சதவீதமானது. இந்த ஏற்ற இறக்கம் வரிக் கொள்கையைச் சேர்ந்தது. மண்ணின் விலையை அதில் தேடக் கூடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான கிரையம் (விற்பனை), அடமானம் முதலியவற்றின் பட்டியல். அதை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். உங்கள் மனைக்கு மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், அதே மனைப்பிரிவில் உள்ள மற்ற மனைகளுக்கும் அடுத்தடுத்த புல எண்களின் உட்பிரிவுகளுக்கும் ஒவ்வொன்றாகத் தேடி, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பதிவான கிரையங்களின் தேதி, விஸ்தீரணம், கைமாற்றுத் தொகை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் போன்றவற்றை ஒதுக்கிவிடுங்கள். உறவினர்களுக்குள் எழுதப்படும் தொகை விலையாகாது.

இங்கேதான் ஒரு சிக்கல். பலரும் கிரையப் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே தொகை எழுதுகிறார்கள். ஆகவே, கிரையத்தை அடுத்து அதே மனையின் மீது வங்கிக்கு உரிமை ஆவண ஒப்படைப்பு (கடனுக்கு ஈடாகச் சொத்துப் பத்திரத்தை ஒப்படைத்தல்) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆதலால் 36 லட்சம் கடன் பதிவாகியிருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் அந்தச் சொத்தைக் குறைந்தது 45 லட்சமாகக் கணித்திருக்க வேண்டும். கட்டுமானச் செலவும் அந்தக் கடனில் சேர்ந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட மனையை நேரில் பார்த்து, வீடு எழுந்திருந்தால் அந்தப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் கணிப்பில், இப்படிக் கிடைக்கும் நான்கைந்து நல்ல பதிவுகள் தரகர் வாய்மொழியாகச் சொல்லும் இருபது விலைகளைவிட மேலானவை.

ஒப்பிடும்போது அளவுகளையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். பேச்சில் சென்ட் என்பார்கள். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. புலப்படத்தை (புல எண்ணுக்கான நில அளவை வரைபடத்தை) எடுத்துப் பார்த்தால் பட்டா உட்பிரிவின் வடிவமும் எல்லை அளவுகளும் தெரியும். அங்கீகாரமற்ற மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவாகி வரன்முறை ஆணை (மனையை முறைப்படுத்தும் அரசு உத்தரவு) பெற்ற மனைக்கும் பெறாத மனைக்கும் ஒரே விலை வைத்து ஒப்பிடாதீர்கள்.

மலைமேல் ஏற்காட்டில் இடம் பார்ப்பவர்களுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. காபித் தோட்டங்கள் அபூர்வமாகவே கைமாறுகின்றன. செடி, மரங்களின் மதிப்பும் தொகையில் கலந்திருக்கும். உங்கள் மனையைப் பொறுத்தவரை, உங்கள் தாளில் உள்ள விலைகள் 3,200-க்கு வெகு கீழே நின்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பத்திர எண்களைத் தரகரிடம் காட்டிப் பேசுங்கள்.