கரீபியன் தீவுகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்: கேள்வி பதில்

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் இந்தத் துறைமுகங்களில் நிறையச் சுற்றியவன் என்பதால், அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் ஷாப்பிங் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அண்ணா, நாங்கள் நியூ ஜெர்சி. டிசம்பரில் ஒரு வாரக் கப்பல், முதலில் பஹாமாஸின் நாசோ, அப்புறம் செயின்ட் தாமஸ். இறங்கினதுமே கடைகள்தானாம், அங்கேயே வாங்கி முடித்துவிடலாமா?

பதில்: முடிக்கலாம், ஆனால் துறைமுக வாசலில் கிடைக்கும் காந்தமும் டி-ஷர்ட்டும் எல்லாத் தீவிலும் ஒன்றுதான், தீவின் பெயர் மட்டும் மாறும். கப்பலில் கையில் கொடுக்கும் ஷாப்பிங் வரைபடத்தை நம்பி நடக்காதீர்கள், அதில் இருப்பவை பெரும்பாலும் காசு கொடுத்து இடம் பிடித்த கடைகள்.

நாசோவில் பே தெருவில் ஸ்ட்ரா மார்க்கெட் இருக்கிறது. பழையது 2001-இல் எரிந்துபோய், இப்போதிருக்கும் கட்டடம் 2011-இல் திறந்தது. ஓலைப் பை என்று அங்கே தொங்குவதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து இறங்கியது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர் வேலை என்றால், ஓலையை நீள நாடாவாகப் பின்னி, அந்த நாடாக்களைச் சுற்றிச் சுற்றித் தைத்திருப்பார்கள், தையல் கண்ணுக்குத் தெரியும். கடையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே விற்கும் அம்மாக்களிடம் வாங்குங்கள். அதே நாட்டின் ஆண்ட்ரோஸ் தீவில் இருக்கும் ரெட் பேஸ் என்ற ஊரின் கூடைகள் அங்கே கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். பிராண்ட் பெயர் போட்ட போலிக் கைப்பை பக்கம் மட்டும் போக வேண்டாம், அமெரிக்கச் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்ளக்கூடும்.

கேள்வி: செயின்ட் தாமஸில் டான்சனைட் மலிவாம், என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பதில்: அந்தக் கல் தான்சானியாவில் தோண்டுவது, கரீபியனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் ஊரில் முதலில் விலை விசாரித்துவிட்டுப் போங்கள், மலிவா இல்லையா என்று அப்போதுதான் தெரியும். உங்களுக்கு ஒரு லாபம் உண்டு: அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு, செயின்ட் தாமஸ் சேர்ந்த யு.எஸ். வர்ஜின் தீவுகளிலிருந்து 1,600 டாலர் வரை வரி கிடையாது, மற்றத் தீவுகளுக்குப் பொதுவாக 800 தான். அங்கே நகைக்கடைக்காரர்களில் நிறையப் பேர் சிந்திகள். இந்தியில் பேசினால் டீ கிடைக்கும், ஆனால் விலை குறையும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டொமினிக்கன் குடியரசில் புன்ட்டா கானா போகிறோம். லாரிமார் கல் எது அசல், எது பிளாஸ்டிக்?

பதில்: கல்லே வாங்குவது என்றால் இதை வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் லாரிமார் உலகத்திலேயே டொமினிக்கன் குடியரசில் பராவோனா மாகாணத்தில் மட்டும்தான் கிடைக்கிறது. 1974-இல்தான் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. வெளிர் நீலத்தில் வெள்ளை வலைக்கோடுகள் ஓடும், ஒரு கல் போல இன்னொன்று இருக்காது. ஒரே தட்டில் இருபது பதக்கமும் அச்சடித்த மாதிரி ஒரே கோட்டோடு இருந்தால் நகர்ந்துவிடுங்கள். கையில் எடுத்தால் அசல் குளிர்ச்சியாக, கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனால் மென்மையான கல், மோதிரமாகப் போட்டுப் பாத்திரம் தேய்த்தால் கீறல் விழும், வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நிறமும் மங்கலாம். கழுத்துக்கோ காதுக்கோ வாங்குங்கள்.

கேள்வி: மார்டினிக்கில் மெட்ராஸ் துணி என்கிறார்களே, நிஜமாகவே நம்ம ஊர்த் துணியா? அதைப் போய் அங்கே வாங்குவானேன்?

பதில்: நம்ம பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணிதான், சோழமண்டலக் கரையிலிருந்து வியாபாரத்தில் போனது. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்க் கூலிகள் 1853-இலிருந்து இந்தப் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பலேறினார்களே, அதற்கு முன்பே துணி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மார்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா என்று எல்லா இடத்திலும் விழா உடை இன்றைக்கும் அதுதான். வெறும் துணியாக வாங்குவதில் அர்த்தமில்லை, இன்றும் கணிசமான துணி இந்தியாவிலிருந்துதான் போகிறது. அவர்கள் தைத்ததை வாங்குங்கள்: தலைக்கட்டு, பாவாடை, பொம்மை. தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதை வைத்து, மனசு காலியா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று சொல்லும் வழக்கம் உண்டு. விற்கும் அம்மாவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே கட்டிக் காட்டுவார்.

கேள்வி: பெரிய ரோஸ் நிறச் சங்கு, ஆமை ஓட்டு வளையல் இதெல்லாம் கொண்டு வரலாமா? சென்னைக்குத் திரும்புகிறோம்.

பதில்: ஆமை ஓடு கூடவே கூடாது. அது அழுங்காமை, உலகம் முழுக்க வணிகத் தடை உள்ள உயிர், கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார் என்பதால் சட்டம் மாறாது. கறுப்புப் பவளத்துக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்தப் பெரிய சங்குக்கு சர்வதேச விதியில் ஆளுக்கு மூன்று வரை சலுகை இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டே. சென்னை விமான நிலையத்தில் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆசையா? விட்டுவிடுங்கள்.

கேள்வி: ரம் அண்ணே, ரம்?

பதில்: இந்தக் கேள்வி வராமல் இருக்குமா. இந்தியாவுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் வரியில்லாமல். பாட்டிலில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள், 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். செயின்ட் வின்சென்டில் ஒரு ரம் 84.5 சதவீதம், அதைப் படம் எடுத்துக்கொண்டு வரலாம். ஜமைக்காவின் ரே அண்ட் நெஃப்யூ 63, அது பிரச்சினை இல்லை. அமெரிக்கா வழியாக வந்தால் அங்கே பெட்டியை எடுத்து மறுபடி போடும்போதே கையில் வைத்திருக்கும் பாட்டிலையும் உள்ளே தள்ளிவிடுங்கள்.

கேள்வி: கிரெனடாவில் மசாலா வாங்கணுமா? நம்ம வீட்டிலேயே எல்லாம் இருக்கே.

பதில்: ஜாதிக்காய் அவர்கள் தேசியக் கொடியிலேயே இருக்கிறது, அதனால் அதுவும் ஜாதிபத்திரியும் கொஞ்சம். அதைவிட அந்த ஊர்ச் சாக்லேட் நல்லது. குங்குமப்பூ என்று பொடி விற்றால் அது மஞ்சள்தூள். எந்தத் தீவிலும் பெரிய பாட்டிலில் சல்லிசாக வெனிலா எசென்ஸ் விற்றால் வேண்டாம், வெனிலா மாதிரி மணக்கும் டோங்கா என்ற வேறொரு கொட்டை கலந்ததாக இருக்கலாம்.

கேள்வி: கூட்டமில்லாத இடத்தில், கையால் செய்த ஒரே ஒரு பொருள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: டொமினிக்கா. டொமினிக்கன் குடியரசு இல்லை, அது வேறு நாடு, டிக்கெட் போடும்போது கவனம். கிழக்குக் கரையில் கலினாகோ மக்களின் நிலம் இருக்கிறது, 1903-இல் ஒதுக்கப்பட்ட 3,700 ஏக்கர். ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். லாரூமா என்ற நாணல் வகையைக் கீறி, காயவைத்து, சிலவற்றைச் சேற்றில் ஊறவைத்துக் கறுப்பாக்கி, கூடை பின்னுகிறார்கள். சில கூடைகளில் இரண்டு அடுக்குக்கு நடுவே இலை வைத்து மழை உள்ளே போகாமல் செய்வார்கள், அந்தக் காலத்தில் துணிமணி வைத்துச் சுமந்த கூடை அது. 2017-இல் மரியா புயல் தீவையே புரட்டிப் போட்ட பிறகும் சாலையோரக் கடைகள் திரும்ப வந்துவிட்டன. இங்கே பேரம் பேசாதீர்கள். நாசோவில் பேசுங்கள், ஜமைக்காவில் பேசுங்கள், சிரித்துக்கொண்டே பேசினால் குறைப்பார்கள். ஆனால் நாணலை வெட்டியதிலிருந்து பின்னியது வரை அந்த ஆள்தான் என்று தெரிந்தும் ஐந்து டாலருக்கு இழுப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: பையனுக்கு மிலிட்டரி டிசைன் தொப்பி போட்டுக் கூட்டிப் போகலாமா?

பதில்: கூடாது. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட், செயின்ட் லூசியா என்று பல நாடுகளில் ராணுவத்தார் தவிர வேறு யாரும் அந்த டிசைன் போடச் சட்டமே தடுக்கிறது, பார்படோஸில் குழந்தைக்கும் சேர்த்துத்தான். ஓலைத் தொப்பி வாங்கிக் கொடுங்கள்.