டிட்டிகாகா தீவில் மூச்சுத்திணறல்: வழக்குக்கு முன் அந்தப் படிவத்தைத் தேடுங்கள்

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். 11 லட்சம் கட்டி, எட்டு மாதத்துக்கு முன் மனைவியோடு பெரு போனேன். லிமாவிலிருந்து குஸ்கோ, அங்கே இரண்டு நாள் ஓய்வு, பிறகு பேருந்தில் டிட்டிகாகா ஏரிக்கரையில் உள்ள புனோ என்பது திட்டம். லிமாவில் இறங்கியதும் அதை மாற்றி, நேராக, புனோவுக்குப் பக்கத்திலுள்ள ஹுலியாகாவுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் காலையே ஏரியிலுள்ள ஊரோஸ், தகீலே தீவுகளுக்குப் படகு. ஊரோஸில் நாணல் படகில் ஏறத் தனிக் காசு, கைவேலைப் பொருள் வாங்கச் சொல்லி நச்சரிப்பு. வழிகாட்டிக்கு ஆங்கிலம் அரைகுறை. நாங்கள் சைவம், மதியம் மீன். தகீலே படியில் மனைவி மூச்சு வாங்கி மயங்கிவிட்டார். புனோவில் இரண்டு நாள் மருத்துவமனை. (அவருக்கு லேசாக வீசிங் உண்டு, இன்ஹேலர் கையில் இருந்தது.) டூர் நிறுவனம் 'நாங்கள் வெறும் ஏஜென்ட்' என்கிறது. 1.25 லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. 20 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மீனை விடுங்கள், வழிகாட்டியின் ஆங்கிலத்தையும் விடுங்கள். ஊரோஸில் நாணல் படகுக்குத் தனிக் காசு எல்லாரிடமும் வாங்குவதுதான், அது அந்த மக்களின் பிழைப்பு. இதையெல்லாம் மனுவில் அடுக்கினால் உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல வாதம் பன்னிரண்டாம் பத்திக்குப் போய்விடும்.

அந்த வாதம் இதுதான். லிமா கடலோர ஊர். ஏரி இருப்பது 3,812 மீட்டர் உயரத்தில். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உடம்பு பழகட்டும் என்று எழுதிக்கொடுத்த இரண்டு நாளை எடுத்துவிட்டு, போய் இறங்கிய மறுநாளே 500-க்கும் மேற்பட்ட கல்படிகளில் ஏறவிட்டது சேவைக் குறைபாடு. 'வெறும் ஏஜென்ட்' என்ற கதைக்கு உங்கள் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வருமான வரியின் பட்டியல்) பதில் சொல்லும். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜை விற்பவர் என்ற முறையில் டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வரி) பிடித்திருந்தால், இப்போது நான் விற்கவில்லை என்று சொல்வது கஷ்டம். கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக் கெடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

நான் நின்றது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட வரியில்.

பணம் கட்டும்போது உடல்நிலைப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஆஸ்துமா உண்டா என்ற கேள்விக்கு அதில் என்ன பதில்? பெரும்பாலும் அலுவலகத்துப் பையனே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து நீட்டுவான். "அவன் நிரப்பினான் சார், நான் கையெழுத்துதான் போட்டேன்" என்று கட்சிக்காரர்கள் என்னிடம் சொல்வார்கள். ஒரு வங்கி அலுவலர் அதைக் கூண்டில் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். புனோ மருத்துவரிடம் இன்ஹேலரைக் காட்டியிருப்பீர்கள், அவரும் குறிப்பில் எழுதியிருப்பார். ஸ்பானிஷிலும் அது 'அஸ்மா'தான், எதிர்த்தரப்புக்கு மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவைப்படாது.

ஆஸ்துமா இருந்தால்தான் உயர்மலை நோய் வரும் என்று மருத்துவம் சொல்லவில்லை, யாருக்கும் வரும். ஆனால் மயக்கத்துக்குக் காரணம் உயரமா வீசிங்கா என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். பயணக் காப்பீட்டிலும் இதே சிக்கல்தான். லடாக்கின் லே நகருக்குப் போய் இப்படி மாட்டிய கட்சிக்காரர் ஒருவர், மருத்துவச் செலவைக் காப்பீட்டில் வாங்கிய பிறகு டூர்காரர் மேல் வழக்குப் போட்டார். பதில் மனுவோடு உடல்நிலைப் படிவமும் மருத்துவமனைக் குறிப்பும் வந்து விழுந்தன. அப்புறம் காப்பீட்டு நிறுவனமே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவர் கேட்ட நஷ்டஈடு வரவேயில்லை.

இன்ஹேலர் விஷயத்தை மறைத்து மனுப் போடலாமா என்று கேட்காதீர்கள். பிரமாண வாக்குமூலத்தில் பொய் சொன்னால் இதைவிடப் பெரிய சிக்கல் வரும்.

ஆகவே அந்தப் படிவத்தின் நகலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை எந்தக் கடிதத்துக்கும் பதில் வேண்டாம். அதில் 'உண்டு' என்று இருந்தால் நிலைமையே தலைகீழ்: தெரிந்தே ஓய்வு நாளை வெட்டியிருக்கிறார்கள். தைரியமாகப் போடுங்கள். அப்போதும் 20 லட்சம் என்று கேட்காதீர்கள், கேட்கும் தொகையிலேயே ஆணையத்துக்கு உங்கள் மேல் சந்தேகம் வந்துவிடும்.

'இல்லை' என்று இருந்தால் சமாதானமாகப் போய்விடுங்கள். வெட்டிய இரண்டு நாளின் செலவையும், காப்பீடு தராத மருத்துவ பில்லையும் சேர்த்துக் கேட்டால் 1.25 லட்சம் கொஞ்சம் ஏறலாம். ஏறாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிக்கு வழக்குப் போடலாம் என்று என்னிடம் வராதீர்கள். 'பயணியின் உடல்நலக் குறைவே காரணம்' என்பதுபோல ஒரு வரி கடிதத்தில் இருந்தால் அதை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், நாளை காப்பீட்டுக்காரர் கையில் போய்ச் சேரும். பாதிக்கப்பட்டவர் உங்கள் மனைவி, அதனால் அவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவையாவது படித்துவிட்டு.