காகித ஆலை ஊரில் வாடகை வீடு

கேள்வி: பதுளையிலிருந்து மாற்றலாகி வாழைச்சேனைக்கு வந்திருக்கிறேன். காகித ஆலைப் பக்கம் போனால் ஊரே ஓய்ந்துபோன மாதிரி இருக்கிறது. ஏன் இப்படி? வாடகை வீடு எடுக்க எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 1950களில் எழுந்த ஆலை அது. வைக்கோலை எரிசோடாவில் அவித்துக் கூழாக்குவார்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அவித்து மிஞ்சும் கறுப்பு நீரைச் சுண்டவைத்துச் சோடாவை மீட்கப் போனால், அந்தச் சிலிக்கா குழாய்களில் படிந்து அடைக்கும், செலவு ஏறும். போரும் பழைய இயந்திரங்களும் சேர்ந்து ஆலையை நீண்டகாலம் முடக்கிவிட்டன. ஆனாலும் ஊர் ஓயவில்லை. விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் ஓட்டமாவடிக் கடைத்தெருவுக்கு.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கிணறு. மணல் நிலம், நீர்மட்டம் மேலேயே நிற்கும். மலசலகூடக் குழியின் கசிவு சுலபமாகக் கிணற்றுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும், பக்கத்து வளவின் குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் மங்கிய கோடு தெரிந்தால் அது வெள்ளம் நின்ற அடையாளம். கார்த்திகை, மார்கழி மழைக்கு அந்த வீடு வேண்டாம்.

வெள்ளம் புகுந்த கிணறென்றால் முழுக்க இறைத்துச் சேற்றை அள்ளுங்கள். நீர் ஊறியதும் 1,000 லீற்றருக்கு 30 சதவீதக் குளோரின் தூள் சுமார் 150 கிராம், வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை ஊற்றுங்கள். 12 மணித்தியாலம் கழித்து, மணம் போகும்வரை இறையுங்கள். அதன் பிறகும் குடிக்கிற நீரைக் கொதிக்கவைக்கத்தான் வேண்டும்.