‘வரிகள் உட்பட’ என்று கட்டிய பிறகும் ஹோட்டலில் பணம் கேட்பார்களா?

கேள்வி: நான், கணவர், 15 வயது மகள், 9 வயது மகன், நால்வரும் மே மாதம் ஐரோப்பா போகிறோம். பாரிஸில் 3 இரவு, ஆம்ஸ்டர்டாமில் 3, ரோமில் 4. எல்லாம் த்ரீ ஸ்டார் ஹோட்டல்கள். வெனிஸுக்கு ஒரு நாள் போய்வரவும் ஆசை. முன்பதிவு செய்தபோது ‘வரிகள் உட்பட’ என்றுதான் இருந்தது. ஆனால் போன வருடம் போய்வந்த என் நாத்தனார், ஹோட்டலில் தனியாகப் பணம் வாங்கினார்கள் என்கிறார். இது ஏமாற்று வேலையா? எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? ஏர்போர்ட்டில் திரும்ப வாங்க முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: ஏமாற்று இல்லை, பயப்படாதீர்கள். நீங்கள் கட்டிய தொகையில் அடங்கியிருப்பது வாட், அதாவது நம் ஜிஎஸ்டி மாதிரியான வரி. உங்கள் நாத்தனார் கொடுத்தது அந்த ஊர் நகராட்சி வசூலிக்கும் சுற்றுலா வரி. ஓர் இரவு தங்கினால் இவ்வளவு என்று கணக்கு. பல ஊர்களில் இது ஆளையும் வயதையும் பொறுத்து மாறும் என்பதால் ஹோட்டல் கவுன்ட்டரில்தான் வாங்குகிறார்கள். உங்கள் முன்பதிவைத் திறந்து, விலை விவரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ‘சிட்டி டாக்ஸ்: ஹோட்டலில் செலுத்தவும்’ என்கிற மாதிரி ஒரு குறிப்பு அநேகமாக இருக்கும். வீட்டு வாடகைத் தளங்களில் எடுத்தால் பல ஊர்களில் ஆன்லைனிலேயே பிடித்துவிடுவார்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். பாரிஸில் த்ரீ ஸ்டாருக்கு 2023 வரை ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1.88 யூரோதான். 2024-ல் பொதுப் போக்குவரத்துக்கு நிதி திரட்ட ஒரு கூடுதல் வரியைச் சேர்த்து 5.20 ஆக்கினார்கள். அதன் பிறகும் கொஞ்சம் ஏறியிருப்பதால் 6 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே வரி கிடையாது. ஆக, நீங்கள் இருவர், 3 இரவு: 36 யூரோ.

ரோமில் த்ரீ ஸ்டாருக்குத் தலைக்கு 6 யூரோ. விலக்கு 10 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும். மகன் தப்பித்தான், மகளுக்குக் கட்ட வேண்டும். மூன்று பேர், 4 இரவு: 72 யூரோ.

ஆம்ஸ்டர்டாம்தான் இதில் கனமான ஊர். 2024 முதல் அங்கே வாட் சேர்க்காத அறை வாடகையில் 12.5 சதவீதம். ஓர் இரவு வாடகை 200 யூரோ என்றால் வரி 25, மூன்று இரவுக்கு 75. அது போதாதென்று 2026 ஜனவரி 1 முதல் நெதர்லாந்தில் அறை வாடகைக்கான வாட்டும் 9-லிருந்து 21 சதவீதமாகிவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் பார்த்த ஆம்ஸ்டர்டாம் விலைகளை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

மொத்தம் 183 யூரோ. ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்தால் 19,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நீங்கள் 200 யூரோவைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் வைத்த பணத்தில் இது கை வைக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

இன்னும் ரத்து செய்யக்கூடிய முன்பதிவு கையில் இருந்தால் ஒரு விஷயம். ரோமில் வரி ஆளுக்கு என்பதால் 70 யூரோ அறை எடுத்தாலும் உங்கள் குடும்பத்துக்கு இரவுக்கு 18, அதே த்ரீ ஸ்டாரில் 200 யூரோ அறை எடுத்தாலும் 18. மலிவான அறையில் கால் பங்குக்கு மேல் வரியே வந்துவிடுகிறது. ஃபோர் ஸ்டாருக்குப் போனால் தலைக்கு 7.50. எனவே ரோமில் ஹோட்டல்களை ஒப்பிடும்போது வரியையும் கூட்டிய பிறகு, காலை உணவு உண்டா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஆம்ஸ்டர்டாமில் நிலைமை வேறு. வாடகை குறைந்தால் வரியும் குறையும். வாரக் கடைசியைத் தவிர்த்து வாரநாட்களில் மலிவான அறை கிடைத்தால் அங்கே இரட்டை லாபம். சிக்கனத்தை அந்த ஊரில் காட்டுங்கள். இந்த வரிக்காக ஊரையே மாற்ற வேண்டாம், அவ்வளவு பெரிய தொகை இல்லை.

கார்டில் கட்டும்போதுதான் பலரும் வீணாகக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். மெஷின் திரையில் ‘யூரோவா, ரூபாயா?’ என்று கேட்கும். ரூபாய் பழகியது என்று அதை அழுத்தினால், மெஷின்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விகிதம் போட்டுவிடுவார். எப்போதும் யூரோவை அழுத்துங்கள். நம் ஊர் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. சின்ன விடுதிகள் ரொக்கமாகவே கேட்கலாம், ஒரு 100 யூரோவைச் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள். ரசீது கேட்டு வாங்கி, அதில் எத்தனை பேர், எத்தனை இரவு என்று சரிபாருங்கள். ரோமில் மகனையும் சேர்த்து நான்கு பேர் என்று போட்டிருந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

ஏர்போர்ட்டில் திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது. அங்கே தருவது கடையில் வாங்கி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எடுத்துப்போகும் பொருட்களின் வாட் மட்டும். தங்கியதற்கான வரிக்கு அது பொருந்தாது. ஒருவேளை எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு டூர் பேக்கேஜுக்கு மாறினால், ஏஜென்ட் பிடிக்கும் டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேக்கேஜில் நகர வரி அடக்கமா இல்லையா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக வெனிஸ். இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். எல்லா நாளும் இல்லை, குறிப்பிட்ட நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரை. 2025-ல் முன்கூட்டியே பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. கட்டாமல் பிடிபட்டால் அபராதம் 50 யூரோவில் தொடங்குகிறது. மே மாத வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் நகராட்சியின் இணையதளத்தில் தேதியைப் பார்த்து, ரயில் டிக்கெட் எடுக்கும் அன்றே உங்கள் இருவருக்கும் மகளுக்கும் பதிவு செய்துவிடுங்கள். 14 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை என்பதால் மகனுக்குப் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தால் போதும்.