பேலட்டும் வோட்டும் ஒன்றா? கேள்வி பதில் (கேள்விக்கு முன் இருப்பது கேட்டவரின் ஊர்)

செந்தூல்: ஐயா, பேலட், வோட் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே?

இல்லை தங்கச்சி. வோட் என்பது உங்கள் வாக்கு. பேலட் என்பது அதை ரகசியமாகப் பதிவு செய்யும் முறை. அதற்காகத் தரும் சீட்டுக்கும் அதே பெயர். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கை தூக்கினாலும் வோட்தான், ஆனால் அதை பேலட் என்று எழுதினால் தப்பு. மலேசியப் பொதுத்தேர்தலில் நாம் எக்ஸ் போட்டு, மடித்து, பெட்டிக்குள் விடும் சீட்டு, மலாயில் 'கெர்தாஸ் உண்டி', அதுதான் பேலட் பேப்பர்.

பிரிக்பீல்ட்ஸ்: சொல் எங்கிருந்து வந்தது?

இத்தாலிய 'பல்லோத்தா', சின்ன உருண்டை. வெனிஸ் குடியரசில் உருண்டை போட்டுத்தான் வாக்களித்தார்கள். இங்கிலாந்து ஆட்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்களே தவிர, நாடாளுமன்றத் தேர்தலில் ரகசியத்துக்கு 1872 வரை இடம் தரவில்லை. அதுவரை யாருக்கு வாக்கு என்று எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலச்சுவான்தார் பக்கத்திலேயே நிற்கும்போது குத்தகைக்காரன் வேறு யார் பெயரைச் சொல்வான்? ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856லேயே ரகசிய வாக்கைக் கொண்டுவந்துவிட்டன. அதனால்தான் அமெரிக்கர்கள் இதற்கு 'ஆஸ்திரேலியன் பேலட்' என்று பெயர் வைத்தார்கள்.

கெப்போங்: புது கம்பெனி ஷேருக்கு மனு போட்டேன், 'பேலட்டிங்' நடக்கும் என்கிறார்கள். அங்கே யார் அண்ணே ஓட்டு போடுவது?

யாரும் இல்லை! அங்கே பேலட் என்றால் குலுக்கல். ஷேரை விட மனுக்கள் அதிகமானால் குலுக்கிப் பார்த்துக் கொடுப்பார்கள். நம் உத்திரமேரூர் குடவோலையும் இந்த ரகம்தான். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுப்படி, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். மேடைக்கு மேடை அதை வாக்குப்பதிவு என்கிறோம். என்னைக் கேட்டால் அது பேலட், வோட் இல்லை.

பங்சார்: 'ஸ்பாயில்ட் பேலட்'?

நம் பேச்சில் 'உண்டி ரோசாக்', செல்லாத வாக்கு. இங்கிலாந்து அதிகாரிகள் மட்டும் இதில் ஒரு பிரிவினை வைத்திருக்கிறார்கள். தவறிக் கிறுக்கிவிட்டு, பெட்டியில் போடுவதற்கு முன் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினால் அந்தப் பழைய சீட்டு ஸ்பாயில்ட். எண்ணும்போது ஒதுக்குவது ரிஜெக்டட். பேச்சுவழக்கில் அங்கேயும் இரண்டையும் ஸ்பாயில்ட் என்றுதான் சொல்வார்கள்.

ஜிஞ்சாங்: வினைச்சொல்லாக வருமா?

வரும். 'யூனியன் பேலட்டட் இட்ஸ் மெம்பர்ஸ்' என்றால், வேலைநிறுத்தம் வேண்டுமா என்று உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது என்று பொருள்.

செந்தூல், மறுபடியும்: பாலே நடனமும் இதே ஸ்பெல்லிங்கா ஐயா?

அது 'ஈ', இது 'ஓ'. நடனத்தில் கடைசி 'டி' சத்தம் வராது, இதில் வரும்.