முயலின் முடி சிக்காகிவிட்டால்: குளிப்பாட்டுவதா, வெட்டுவதா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் முயலுக்கு ஒன்றரை வயது. அங்கோரா என்று சொல்லி விற்றார்கள். இப்போது காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் வாலைச் சுற்றியும் முடி கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் அவிழுமா, இல்லை கத்தரிக்கோலால் வெட்டிவிடலாமா? சீப்பை எடுத்தாலே உதைக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை சீவ வேண்டும்? (மதுரை வாசகி ஒருவர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். குளிப்பாட்டினால் சிக்கு அவிழாது, இன்னும் இறுகும். மேல் முடி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடி முடியும் தோலும் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரத்தில் தோல் வெந்து புண்ணாகும். போதாததற்கு, தண்ணீர்த் தொட்டியில் விட்டால் முயல் மிரண்டு துள்ளும். அதன் பின்னங்கால் பலத்துக்கு முதுகெலும்பு ரொம்ப மெலிது, தவறான பிடியில் ஓங்கி ஒரு உதை உதைத்தால் இடுப்புப் பக்கம் தானாகவே முறிந்துவிடுவது உண்டு. கத்தரிக்கோல் சமாசாரம் வேறு. சிக்கைப் பிடித்துத் தூக்கும்போது மெல்லிய தோலும் கூடவே எழும்பி வருகிறது, எது முடி எது தோல் என்று உங்களுக்குத் தெரியாது. தையல் போடும் அளவுக்கு வெட்டிவிட்டுப் பதறிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அது நிஜமாகவே அங்கோராதானா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் புசுபுசுவென்று இருக்கும் எதையும் நம் ஊரில் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். முகத்தைச் சுற்றி மட்டும் பிடரி வைத்திருந்தால் அது லயன்ஹெட், அதற்கு இத்தனை பாடு கிடையாது. உடம்பு முழுக்க நீளமாக, பஞ்சாக முடி இருந்தால் அங்கோரா வழி. அந்த முடி மாதத்துக்கு சுமார் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் வரை வளரும். அங்கோராவை முடிக்காக வளர்ப்பது இமாசலத்தின் குலு பக்கம் மாதிரி குளிர்ந்த இடங்களில், அங்கேயும் சுமார் இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்துவிடுவார்கள். நம் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிற ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் குட்டை முடி இறைச்சி இனங்கள். ஆக, மதுரை வெயிலில் ஓர் அங்கோராவை நீள முடியோடு வைத்திருப்பதற்கு, போட்டோவில் அழகாக இருக்கும் என்பதைத் தவிர, எந்தக் காரணமும் இல்லை. சீவிச் சீவிக் காப்பாற்றுவதைவிட முடியைக் குட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பக்கம். ஆனால் இப்போது இருக்கிற சிக்கை எடுத்தாக வேண்டுமே, அதைச் சொல்கிறேன்.

வழுக்காத மேசையில் ஒரு துண்டை விரித்து முயலை நான்கு காலும் ஊன்றி உட்கார வையுங்கள். உயரம் பயமாக இருந்தால் தரையிலேயே உட்காரலாம். ஒருவர் பிடிக்க, ஒருவர் வேலை செய்யட்டும், பிடிக்கிறவரின் ஒரு கை எப்போதும் பின்பக்கத்தைத் தாங்கியிருக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள், அது சுகத்தில் கிடப்பதல்ல, பிடிபட்ட பிராணி பயத்தில் உறைந்து போவது. வயிற்றுப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் முன்னங்கால்களைக் கொஞ்சம் தூக்கி உங்கள் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டால் போதும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் அதுவும் பொறுக்காது, நீங்களும் பொறுக்க மாட்டீர்கள். மீதியை நாளைக்குப் பார்க்கலாம்.

சிக்கின் மேல் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி விரலால் தேய்த்துவிட்டு, முடியின் அடியை, அதாவது தோலை ஒட்டிய இடத்தை, ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிடித்தால் நீங்கள் இழுப்பது தோலுக்குத் தெரியாது, பாதி உதை இதிலேயே நின்றுவிடும். பிறகு நுனியிலிருந்து விரலாலேயே இரண்டாக, நான்காகப் பிரித்து, அப்புறம்தான் அகலப் பல் வைத்த உலோகச் சீப்பு. வேரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எண்ணெய் தடவாதீர்கள், தூசி ஒட்டும், நக்கி விழுங்கும். நாய்க்கு விற்கும் பிளேடு வைத்த சீப்பும் வேண்டாம், தோலைக் கிழிக்கும்.

விரலுக்கு அசையாத கட்டி என்றால் டிரிம்மர்தான். தோலைத் தட்டையாக விரித்துப் பிடித்து, சிக்குக்கும் தோலுக்கும் நடுவே படுக்கை வாட்டில் ஓட்டுங்கள், பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். பெண் முயல் என்பதால் வயிற்றில் காம்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு ஓட்ட வேண்டும். உள்ளங்காலில் மட்டும் கை வைக்காதீர்கள்: முயலுக்கு நாய் பூனை மாதிரி பாதத்தில் மெத்தை கிடையாது, அந்த முடிதான் மெத்தை, வழித்தால் கம்பித் தரையில் புண் வந்து ஆறவே ஆறாது. மீசையையும் விட்டுவிடுங்கள்.

சிக்கெல்லாம் போனதும் உடம்பு முழுக்க 2, 3 சென்டிமீட்டர் விட்டுக் குறைத்துவிடுங்கள். அப்புறம் வாரம் ஒன்றிரண்டு முறை சீவினால் போதும். நீளமாகத்தான் வைப்பேன் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள், முடி கொட்டும் சமயத்தில் தினமும். பங்குனி பிறக்கும் முன்பே ஒரு வெட்டு வெட்டிவிடுவது நல்லது. 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குச் சிரமம், நமக்கு மாதிரி வியர்த்து ஆற்றிக்கொள்ளவும் அதனால் முடியாது.

வாலைச் சுற்றியுள்ள சிக்குதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அதில் புழுக்கையோ மூத்திரமோ ஒட்டியிருக்கிறதா? இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு பொரித்துத் தோலைத் தின்ன ஆரம்பித்துவிடும். தினமும் ஒருமுறை அங்கே விலக்கிப் பாருங்கள், ஒரு புழு தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி உடனே ஒற்றிக் காயவைக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அழுக்கு ஏன் ஒட்டுகிறது? ஆரோக்கியமான முயல் தன் பின்பக்கத்தைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். எடை கூடியிருக்கும், அல்லது பெல்லட் என்னும் குச்சித் தீவனமும் பிஸ்கட்டும் கேரட்டும் அதிகமாகி வயிறு இளகியிருக்கும். தீவனத்தில் பெரும்பங்கு புல்லாக, உலர்ந்த புல்லாக இருக்கட்டும். வளர்ந்த முயலுக்குக் குதிரைமசாலை (ஆல்ஃபால்ஃபா என்னும் தீவனப் பயிர்) அள்ளிப் போடாதீர்கள், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மூத்திரம் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வந்து முடியில் ஒட்டும்.

புல் இன்னொன்றுக்கும் தேவை. தன்னை நக்கும்போது முயல் முடியை விழுங்கும், வாந்தி எடுக்க அதற்குத் தெரியாது. நார்ச்சத்து இருந்தால் குடல் ஓடிக்கொண்டே இருக்கும், முடியும் வெளியே போய்விடும். பப்பாளி, அன்னாசி கொடுத்தால் முடி கரையும் என்பது வெறும் பேச்சு, சர்க்கரைதான் மிச்சம். புழுக்கை சிறுத்து வந்தாலோ, முடியில் கோத்த மாதிரி வந்தாலோ புல்லைக் கூட்டி, தினமும் சீவுங்கள். அரை நாள் எதையும் தின்னவில்லை என்றால் அவசரம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சீவும்போது பொடுகு மாதிரி உதிர்ந்தால் அது பெரும்பாலும் ஒருவகைச் சிற்றுண்ணி, மருந்து இருக்கிறது, மருத்துவர் தருவார். நாய்க்கு உண்ணி போக வாங்கி வைத்த ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், முயலைக் கொன்றுவிடக்கூடும். நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி வாயில் சுமந்துகொண்டு திரிந்தால் பொய்ச்சினையாக இருக்கலாம், அது வேறு கதை.

இடுக்கிலெல்லாம் ஒரே பாளமாக இறுகியிருந்தால் வீட்டில் போராட வேண்டாம், முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் லேசான மயக்கத்தில் எடுத்துவிடுவது அதற்கும் நல்லது. மயக்க மருந்து என்றதும் முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடச் சொல்வது நாய்க்கும் பூனைக்கும்தான். முயலைப் பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். கிளம்பும்வரை தின்னட்டும், அது வழக்கமாகத் தின்னும் புல்லை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக அதன் முன்னால் வையுங்கள்.